சார்வாள் வீட்டிலிருந்து ஒரு நன்றி மடல்

எங்கள் பாளையங்கோட்டைச் சபையாருக்கும், சபைக்கு வெளியே இருந்து எங்களைத் தாங்கியவர்களுக்கும் அன்பின் ஸ்தோத்திரங்கள்.

போன மாதம் மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. அன்றைக்கு மைக்கைப் பிடித்து நன்றி சொல்லலாம் என்று எழுதி வைத்திருந்த தாள் கையிலேயே கசங்கிப்போனது. வாய் வரவில்லை. அன்று சொல்லாததையும், 2021லிருந்து சொல்லாமல் வைத்திருந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். யார் பெயரையும் போடவில்லை. படிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

என் வீட்டுக்காரர் சார்வாளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்று 2018 கடைசியில் சொன்னார்கள். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். எனக்குச் சர்க்கரை இருந்ததால் என் சிறுநீரகத்தை எடுக்க முடியாது என்றார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டு நாள்காட்டியில் திங்கள், புதன், வெள்ளி மட்டும்தான். அந்த மூன்று நாளும் விடியற்காலை ஐந்தரைக்கு வாசலில் வந்து நின்ற மேலப்பாளையத்து ஆட்டோக்கார பாய்க்கு என் முதல் நன்றி. காத்திருந்ததற்கு ஒரு நாளும் காசு வாங்கவில்லை. ரம்ஜான் நோன்பிலும், ஒரு வாய் தண்ணீர் இல்லாமல், அவரைத் தோளில் சாய்த்து இறக்கிவிட்டார். "அவங்களுக்கும் தண்ணி கிடையாது, எனக்கும் கிடையாது, ரெண்டு பேரும் ஒண்ணுதான் டீச்சர்" என்று சொன்னதை நான் மறக்கவில்லை.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டயாலிசிஸில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் அளவுதான். சார்வாளுக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர். ரசம், மோர், காப்பி எல்லாம் அந்தக் கணக்கில் சேர்த்தி. கூடுதலாகக் குடித்தால் வெளியே போக வழியில்லாமல் நுரையீரலில் கோத்துக்கொள்ளும், ராத்திரி மூச்சுத் திணறும். பாளையங்கோட்டை வெயிலில் முப்பது வருடம் வகுப்பெடுத்த மனுஷர், செம்பு நிறையத் தண்ணீர் குடித்தே பழகியவர். அவர் டம்ளரில் கோடு போட்டுக் குடித்ததைப் பக்கத்தில் இருந்து பார்க்கச் சகிக்கவில்லை.

2021 ஏப்ரல் 2, பெரிய வெள்ளி. மும்மணி நேர ஆராதனைக்குப் போயே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். காலையில் டயாலிசிஸ் முடித்துவிட்டு, கையில் பிளாஸ்திரியோடு வந்து உட்கார்ந்தார். சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானிக்கும் ஆராதனை அது. ஐந்தாம் வார்த்தை, "தாகமாயிருக்கிறேன்." வாழ்நாள் முழுக்க வருடம் தவறாமல் கேட்ட வார்த்தைதான். அன்றைக்கு அவர் தோள் குலுங்கியது. "அவருக்கு இது தெரியும்" என்று மட்டும் என் காதில் சொன்னார். அப்போது பின்வாசல் வழியாக மெதுவாக வந்து, சின்ன பிளாஸ்கில் ஐஸ்கட்டி கொண்டுவந்து கொடுத்த, கோவில் வேலைகளைக் கவனிக்கும் கோயில்குட்டியாருக்கு என் நன்றி. ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொண்டால் கொஞ்சத் தண்ணீரிலேயே தாகம் அடங்கும் என்று யாரிடமோ கேட்டுத் தெரிந்து வைத்திருந்தீர்கள். அந்த வருடம் நான் கேட்ட பிரசங்கங்களில் எதுவும் நினைவில் இல்லை, ஐயா. அந்த பிளாஸ்க் நினைவில் இருக்கிறது.

மே மாதம் கொரோனாவும் சேர்ந்துகொண்டது. மே 20ஆம் தேதி போய்விட்டார். ஊரடங்கு, கோவில் பூட்டு, வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது, முகம் பார்க்கக் கூடாது. "கடைசியில் தூக்க நாலு பேர் வேணும்" என்று நம் ஊரில் எல்லாரும் சொல்வதுதான். அந்த நாலு பேர் கிடைப்பதே கஷ்டமாக இருந்த நாள் அது. வெள்ளை உடுப்பும் முகமூடியுமாகக் கல்லறைத் தோட்டத்துக்கு வந்த நாலு வாலிபர்களே, உங்களில் ஒருவருடைய மனைவி அப்போது ஏழு மாதக் கர்ப்பம் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அதற்கப்புறம் எனக்கு ஜெபம் வரவில்லை. இதை வெளியே சொல்வது இதுதான் முதல் தடவை. கர்த்தர் மேல் கோபம் என்றால்கூடப் பரவாயில்லை, பேச்சாவது இருக்கும். எனக்கு எதுவுமே இல்லை. வீட்டுக்கு வந்த ஒரு பிரசங்கியார், விசுவாசம் முழுமையாக இருந்திருந்தால் சுகம் கிடைத்திருக்கும் என்றார். அவரோடு வாதாட எனக்குத் தெம்பில்லை. கோவில் திறந்த பிறகு பழக்கத்தால் போய் நின்றேன். "விசுவாசிக்கிறேன்" என்று சபையார் எல்லாரும் சேர்ந்து அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது என் வாய் திறக்கவில்லை. ஏறக்குறைய ஒரு வருடம். பக்கத்தில் நின்ற அக்கா அதைக் கவனித்தார்கள். ஏன் என்று கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. வாராவாரம் என் பக்கத்திலேயே வந்து நின்று, எனக்கும் சேர்த்துச் சொல்வதுபோல் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்கள்.

கப்பர்நகூமில் கைகால் விளங்காத திமிர்வாதக்காரனை நாலு பேர் இயேசுவிடம் சுமந்து வந்து, கூரையைப் பிரித்து இறக்கினார்கள். இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்றுதான் மாற்கு எழுதுகிறார். படுக்கையில் கிடந்தவன் விசுவாசித்தானா என்று அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. ஓய்வுநாள் பள்ளியில் எத்தனை வருடம் இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேன்! படுக்கையில் நான் கிடந்த பிறகுதான் இது கண்ணில் பட்டது. அக்கா, கூரையைப் பிரித்தவர்களில் நீங்கள் ஒருவர்.

மகள் என்னைப்போல் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. "இத்தனை பேர் ஜெபித்தும் அப்பா ஏன் போனார்?" என்று எங்கள் சபைப் போதகர் ஐயரிடமே கேட்டாள். நான் பதறிவிட்டேன். ஐயர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்கும் தெரியலம்மா" என்றார். பிறகு வேதத்தைத் திறந்து 88ஆம் சங்கீதத்தை வாசித்தார். ஆறுதல் வசனம் ஒன்றோடு முடியும் என்று காத்திருந்தேன். முடியவில்லை, இருட்டிலேயே நிற்கிறது. அப்படி ஒரு பாட்டும் வேதத்தில் இருக்கிறது என்று காட்டியதற்கு நன்றி, ஐயா. மகள் இப்போதும் வாராவாரம் கோவிலுக்கு வருவதில்லை. பெங்களூரில் வேலை, அவளுடைய உலகம் வேறு. வரும்போது "இத்தனை நாள் எங்கே போனாய்?" என்று கேட்காமல், நகர்ந்து இடம் கொடுத்த பாடகர் குழுப் பிள்ளைகளுக்கும் நன்றி.

கல்யாண நாளுக்கு வருகிறேன். தாலி இருந்த தட்டை ஆராதனையில் யார் எடுத்துக் கொடுப்பது என்ற பேச்சு வந்தபோது, சுமங்கலியாக ஒருத்தியைப் பார்ப்போம் என்று சொந்தக்காரர்களே சொன்னார்கள். நானும் சரி என்று ஒதுங்கிவிட்டேன். பெண்கள் ஐக்கிய சங்கத்துப் பெரியம்மாதான் எழுந்து கேட்டார்கள்: "இந்த ஊர்ச் சபையே யாரால வந்தது?" இந்தச் சபைக்கு வித்திட்ட கிளாரிந்தா அம்மாள் ஒரு விதவை. முதலில் ஞானஸ்நானம் மறுக்கப்பட்டு, 1778ல்தான் பெற்றார். 1780ல் எழுதிய சபைப் பதிவேட்டில் இருக்கும் நாற்பது பேரில் அவரும் ஒருவர். அவர் முன்னின்று கட்டிய கோவிலை 1785ல் ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் பிரதிஷ்டை செய்தார். இதெல்லாம் நாம் ஆண்டுவிழாவில் பெருமையாகச் சொல்லிக்கொள்வது. வீட்டுக் கல்யாணம் என்றால் மறந்துவிடுகிறோம். பெரியம்மா மறக்கவிடவில்லை. தட்டை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். கை நடுங்கியதைப் பார்த்து மகள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு விசுவாசப் பிரமாணத்தை நானே வாய்விட்டுச் சொன்னேன். சந்தேகம் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று இல்லை. "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று பிள்ளையின் சுகத்துக்காக இயேசுவிடம் அழுத தகப்பனைப்போல, இரண்டும் சேர்ந்தேதான் என்னிடம் இருக்கின்றன.

இன்னும் ஒன்று. சார்வாள் போன நாற்பது நாளும் எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. கதவைத் தட்டிவிட்டு, வாசலில் சாப்பாட்டை வைத்துவிட்டுப் போய்விடுவீர்கள். நான் எடுக்க வரும்போது தெருவில் ஆள் இருக்காது. அதில் நாலு தூக்குச்சட்டிகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன, ஒன்றிலும் பெயர் வெட்டவில்லை. ஒன்றுக்குப் பிடி கொஞ்சம் வளைந்திருக்கும், இன்னொன்றின் மூடியில் நெளிவு இருக்கும். உங்களுடையது என்றால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். வருவதற்கு முந்தின நாள் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், வெறும் சட்டியாக நான் கொடுக்கமாட்டேன்.