சத்தியம் செய்து கொடுத்த நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்று கேட்டுவிட்டுச் சாவைப் பற்றிப் பேசிய தோழியோ தம்பியோ அறைத்தோழனோ உங்களுக்கு இருந்தால், இந்த மடல் உங்களுக்குத்தான். அந்தச் சத்தியத்தை மீறுங்கள். இன்றே மீறுங்கள்.

தற்கொலைத் தடுப்பு உதவி எண் ஒன்றில் அழைப்புகளை எடுக்கும் தன்னார்வலர் நான். தவிப்பவர்கள் மட்டும் அழைப்பதில்லை. அவர்களை நினைத்துத் தூக்கம் கெட்டுப்போன உங்களைப் போன்றவர்களும் அழைக்கிறார்கள். "அக்கா, நான் சொன்னேன்னு அவளுக்குத் தெரியவே கூடாது" என்று தாழ்ந்த குரலில் பேச்சு தொடங்கும். பிறகு ஒவ்வொன்றாக வரும். ஆசையாய் வளர்த்த பூனையை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டாள். எப்போதோ சண்டை போட்டவர்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டுச் செய்தி அனுப்பினாள். "நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். நேற்றிலிருந்து திடீரென்று ரொம்ப அமைதியாக இருக்கிறாள், சரியாகிவிட்டாள் போலிருக்கிறது. (அந்தத் திடீர் அமைதியை நம்பி விட்டுவிடாதீர்கள், முடிவெடுத்துவிட்டதன் அமைதியாகவும் அது இருக்கலாம்.) இவ்வளவையும் கவனித்தவர்கள், அவளிடம் நேராகக் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஏன் கேட்கவில்லை என்றால், "இல்லாத எண்ணத்தை நானே கிளப்பிவிட்ட மாதிரி ஆயிடுமோன்னு பயம்" என்பார்கள். ஆகாது. தற்கொலை பற்றி நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தைத் தூண்டுவதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. உலக சுகாதார நிறுவனமும் இதையே சொல்கிறது. கேட்டதும் பலருக்கு மூச்சு விட முடிகிறது. எனவே, தனியாக உட்கார வைத்து, சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: "தற்கொலை பண்ணிக்கலாம்னு தோணுதா?" தயவுசெய்து "அப்படியெல்லாம் ஒண்ணும் யோசிக்கலைதானே?" என்று மட்டும் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால், "இல்லை" என்பதைத் தவிர வேறு எதையும் அவளால் சொல்ல முடியாது.

"ஆமா" என்று வந்தால் பதறாதீர்கள், புத்திமதியும் சொல்லாதீர்கள். "உனக்கு என்ன குறைச்சல்", "பெத்தவங்களை நினைச்சுப் பார்த்தியா" என்பவை வேண்டவே வேண்டாம். நினைத்துப் பார்க்காமலா இருப்பாள்? தான் எல்லோருக்கும் பாரம் என்ற எண்ணம் ஏற்கெனவே அவளை அரித்துக்கொண்டிருக்கும். அதன் மேல் குற்ற உணர்ச்சியையும் நாம் ஏற்றக் கூடாது. "எங்கிட்ட சொன்னியே, அது போதும். எப்போலேர்ந்து இப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு, அவள் பேசப் பேசக் கேட்டுக்கொண்டிருங்கள்.

அடுத்து, எப்படி, எப்போது என்று ஏதாவது யோசித்து வைத்திருக்கிறாளா என்றும் கேட்க வேண்டும். திட்டம் இருக்கிறது, அதற்கானது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்றால், ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாதீர்கள். அந்தப் பொருளை அவளிடமிருந்து அப்புறப்படுத்துங்கள். அவசர ஊர்தியை அழையுங்கள், இல்லாவிட்டால் கூடவே மருத்துவமனைக்குப் போங்கள்.

"சாகணும்னு முடிவு பண்ணவங்களைத் தடுக்க முடியாது, வேற வழி தேடிப்பாங்க" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தற்கொலைக்கு முயன்றபோது தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேர் பின்னாளில் என்ன ஆனார்கள் என்று ரிச்சர்ட் சைடன் என்ற ஆய்வாளர் தேடிப் பார்த்து 1978இல் வெளியிட்டார். அவர்களில் 90 விழுக்காட்டுக்கும் அதிகமானோர் அப்போதும் உயிரோடு இருந்தார்கள், அல்லது இயற்கையாக இறந்திருந்தார்கள். உச்சத்துக்குப் போகும் அந்த வேகம் பெரும்பாலும் நீடிப்பதில்லை. அது தணியும்வரை பக்கத்தில் ஆள் வேண்டும்.

இனி அந்தச் சத்தியம். "நீ சொன்ன மத்த எதையும் வெளியே சொல்ல மாட்டேன். ஆனா உன் உயிர் விஷயத்தை நான் ஒருத்தனா வச்சிருக்க முடியாது" என்று சத்தியம் கேட்ட தம்பியிடமோ தோழனிடமோ நேராகவே சொல்லிவிடுங்கள். யாரிடம் சொல்வது என்பதை முடிந்தவரை அவனையே தேர்ந்தெடுக்க விடுங்கள். அடி உதை இருக்கிற வீடு என்றால் அந்த வீட்டாரிடம் அல்ல. மருத்துவரோ, மனநல ஆலோசகரோ, ஆசிரியரோ, அவனுக்கு நம்பிக்கையான ஒரு பெரியவரோ. கோபப்படுவான், துரோகி என்பான், உங்கள் எண்ணையே பிளாக் செய்வான். செய்யட்டும். உயிரோடு இருந்து கோபப்படட்டும்.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியதும் "எல்லாம் முடிஞ்சது" என்று விலகிவிடாதீர்கள். அதற்கடுத்த வாரங்கள்தான் ரொம்பவும் கவனமாக இருக்க வேண்டிய காலம். ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர், மருத்துவமனையிலிருந்து வெளியேறிய பின் தொடர்சிகிச்சையை மறுத்த நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குச் சில வரிகளே கொண்ட கடிதங்களை 5 ஆண்டுகள் அனுப்ப ஏற்பாடு செய்தார். "நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம்" என்ற அளவில்தான். எந்தக் கேள்வியும் கட்டாயமும் இல்லை. கடிதம் பெறாதவர்களைவிட அவர்களிடையே முதல் 2 ஆண்டுகளில் தற்கொலைகள் குறைவாக இருந்தன. உங்கள் கையில் போன் இருக்கிறது. பதில் வராவிட்டாலும் அனுப்பிக்கொண்டே இருங்கள்.

இதை நீங்கள் ஒற்றை ஆளாகச் சுமக்கவும் வேண்டாம். இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, யார் எந்த இரவு கூட இருப்பது என்று பிரித்துக்கொள்ளுங்கள். என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கும்போது உங்களுக்காகவும் உதவி எண்ணை அழைக்கலாம்: இந்தியாவில் 14416, இலங்கையில் 1926, சிங்கப்பூரில் 1767, பிரிட்டனில் 116 123, அமெரிக்காவிலும் கனடாவிலும் 988. நீங்கள் யார், அவர் யார் என்ற பெயர்களைச் சொல்லாமலேயே பேச்சைத் தொடங்கலாம்.

அன்புடன்,
அழைப்பை எடுக்கும் ஒருத்தி