சோடியத்துக்கு +1 அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் மாணவர் பகுதியில் சோடியத்தைப் பற்றி வந்த விளக்கத்தில், உட்கூடுகளின் 10 எலெக்ட்ரான்கள் 10 புரோட்டான்களை மறைத்துவிடுவதால் வெளி எலெக்ட்ரானை இழுக்கக் கருவின் மின்சுமையில் +1 மட்டுமே மிஞ்சும் என்று இருந்தது. தாராவி, சயான், மாட்டுங்கா பக்கம் ஆங்கில வழியில் படிக்கும் நம் பிள்ளைகள் பலர், பாடம் தமிழில் விளங்கட்டும் என்று இந்தப் பகுதியை வெட்டி வைத்துக்கொள்கிறார்கள். ஆகவே இதைத் திருத்தியாக வேண்டும்.

உண்மையில் +1தான் என்றால், மூன்றாம் கூட்டில் உள்ள அந்த வெளி எலெக்ட்ரானை (3எஸ்) அணுவிலிருந்து பிரிக்க, ஹைட்ரஜனுக்கான 13.6-ஐ கூட்டு எண் 3-இன் வர்க்கமான 9-ஆல் வகுத்து வரும் 1.5 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் போதும். ஆய்வில் அளந்த மதிப்போ 5.14. அதற்கு ஏறத்தாழ +1.84 வேண்டும். உள் எலெக்ட்ரான்கள் சுவர்போல் நிற்பதில்லை. வெளி எலெக்ட்ரானை விலக்குகின்றன, அந்த விலக்கம் கருவின் இழுப்பில் ஒரு பங்கைக் கழிக்கிறது, அவ்வளவே. 3எஸ் எலெக்ட்ரான் மேகத்தில் ஒரு சிறு பகுதி உட்கூடுகளுக்குள்ளேயே ஊடுருவிக் கிடக்கிறது. அந்த இடத்தில் மறைப்பு குறைவு, இழுப்பு அதிகம்.

மறைப்பைக் கணக்கிட இயற்பியலாளர் ஸ்லேட்டர் 1930-இல் தந்த விதி இருக்கிறது. தோராயம்தான், ஆனாலும் பள்ளிக்குப் போதும். ஒரு கூட்டின் எலெக்ட்ரான்கள் எஸ், பி, டி என வகைப்படும்; எஸ், பி எலெக்ட்ரானை மறைப்பதில் அதே கூட்டின் மற்ற எஸ், பி எலெக்ட்ரான்கள் தலா 0.35 (1எஸ்-இல் மட்டும் 0.30), அடுத்த உட்கூட்டில் தலா 0.85, அதற்கும் உள்ளே தலா 1. சோடியத்தில் இரண்டாம் கூட்டின் எட்டுக்கு 6.8, முதல் கூட்டின் இரண்டுக்கு 2, ஆக 8.8. கருவின் பதினொன்றில் கழித்தால் 2.2.

பிள்ளைகள் சறுக்குவது மூன்றாம் கூட்டின் டி எலெக்ட்ரான்களில், அதாவது 3டி-யில். டி எலெக்ட்ரானுக்கு அதே கூட்டின் மற்ற டி எலெக்ட்ரான்கள் மட்டுமே 0.35, 3எஸ், 3பி உட்பட உள்ளே இருப்பவை எல்லாம் முழு 1. 26 புரோட்டான்கள் உள்ள இரும்பில் 3டி-யில் ஆறு, 4எஸ்-இல் இரண்டு எலெக்ட்ரான்கள்; 3டி-க்கு 5 × 0.35 உடன் உள்ளே இருக்கும் 18 சேர்ந்து 19.75, 26-இல் மிச்சம் 6.25. 3எஸ், 3பி ஆகியவற்றையும் "அதே கூடுதானே" என்று 0.35-இல் போட்டு, 2எஸ், 2பி-க்கு 0.85 போட்டால் 12.65 வரும், ஏறக்குறைய இரு மடங்கு. 4எஸ்-க்கு 0.35, 14 × 0.85, பிறகு 10; மிச்சம் 3.75. இரும்பு அயனியாகும்போது 4எஸ் முதலில் கழல்வதற்கான காரணத்தை மாணவர் இந்த இரண்டு எண்களில் கண்டுகொள்ளலாம். கணக்கிடும் எலெக்ட்ரானையே மறைப்பில் சேர்த்து எண்ணும் பிழையும் அடிக்கடி நடக்கிறது.

அடுத்த இதழிலேயே திருத்தம் வெளியிட்டு, இரும்பின் கணக்கை முழுமையாக அச்சிட வேண்டுகிறேன்.

வேதியியல் ஆசிரியர்,
மாட்டுங்கா, மும்பை.