மீத்தேன் கணக்குல எதெல்லாம் சேர்ந்திருக்குன்னு சேர்த்துப் போடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன இதழ்ல, பூமிய சூடாக்குற வாயுவான மீத்தேன் தொழிற்சாலைகள்ல இருந்து எவ்வளவு வருதுன்னு நாடு நாடா ஒரு படம் போட்டிருந்தீங்க. 1990-ல இருந்து பிரிட்டன் கோடு இறங்கிட்டே வருது, சீனாவும் இந்தியாவும் ஏறிட்டே போகுது, கீழ "வளர்ந்த நாடுகள் குறைச்சுட்டாங்க, நாம கூட்டிட்டோம்"னு ஒரு வரி. அந்த ஒரு வரி மனசுக்கு ஒப்பல, அதான் எழுதுதேன்.

நான் கல்லிடைக்குறிச்சி பக்கம் உரக்கடை வச்சிருக்கேன். கடைக்கு வந்த ஒரு அண்ணாச்சி அந்தப் பக்கத்த விரிச்சு வச்சுக்கிட்டு, "ஏ தம்பி, நம்ம பிசானப் பருவ நெல்லும் இதுக்குள்ளதான் வருதா?"ன்னு கேட்டாவ. படத்துல அதுக்குப் பதில் இல்ல. நடவு முடிஞ்சு தண்ணி கட்டிக் கிடக்குற வயல்ல கால வச்சா சேத்துக்குள்ள இருந்து குமிழ் குமிழா வரும்லா, அதுல இருக்கது மீத்தேன்தான், ஆனா அது விவசாயக் கணக்குல போயிரும், மாடு ஏப்பம் விடுறதும் அங்கதான். ராமையன்பட்டி குப்பைக்கிடங்கு மாதிரி இடத்துல வர்றது கழிவுக் கணக்கு. சரி, தாழையூத்து சிமெண்ட் ஆலையாவது இதுல வருமான்னா அதுவும் வராது, சுண்ணாம்புக்கல்ல சுட்டா வர்றது கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன் இல்ல.

அப்ப இந்தத் தலைப்புக்குள்ள என்னதான் இருக்கு? எத்திலீன், மெத்தனால், டயருக்குப் போற கார்பன் பிளாக், இரும்புத் தாதுத் தூள சுட்டுக் கட்டியாக்குறது (சின்டர்), உருக்குல சேக்குற ஃபெர்ரோ அலாய்ங்கிற இரும்புக் கலவை, இப்படிச் சிலதுதான். நிலக்கரிச் சுரங்கத்துல இருந்து கசியுறது, எண்ணெய்க் கிணறு, எரிவாயுக் குழாய்ல கசியுறது எல்லாம் எரிசக்திக் கணக்குக்குப் போயிரும், இந்தப் படத்துல கிடையாது. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்போட 2021 அறிக்கைப்படி மனுசனால வர்ற மீத்தேன்ல சுமார் 40 சதவீதம் விவசாயம், 35 சதவீதம் நிலக்கரி-எண்ணெய்-எரிவாயு, 20 சதவீதம் கழிவு. மிச்சம் இருக்க கொஞ்சூண்டுக்குள்ள ஒரு துண்டுதான் நீங்க அரைப்பக்கத்துக்குப் போட்ட படம். படிக்கிறவங்க எல்லாரும் நாட்டோட மொத்த மீத்தேனே இதுதான்னு நினைச்சுட்டாங்க, அண்ணாச்சி உட்பட.

பிரிட்டன் விசயத்துக்கு வாரேன். 1970-ல அங்க வருசத்துக்கு ஏறக்குறைய 2.8 கோடி டன் உருக்கு உற்பத்தி, 2023-ல அது 60 லட்சம் டன்னுக்கும் கீழ. அங்க வேல்ஸ்ல இருக்க போர்ட் டால்பாட் உருக்காலையில, தாதுவ உருக்கி இரும்பு எடுக்குற கடைசி ஊது உலைய 2024 செப்டம்பர்ல நிறுத்திட்டாங்க. உலை நின்னா புகையும் நிக்கும், கோடு இறங்கத்தான செய்யும். ஆனா அந்த ஊருக்காரங்க கார் வாங்குறதயும் பாலம் கட்டுறதயும் நிறுத்தலயே, அதுக்கு வேண்டிய இரும்பு வேற நாட்டு உலையில உருகுது. சீனா 2000-ல சுமார் 13 கோடி டன் உருக்கு செஞ்சுது, 2023-ல சுமார் 100 கோடி டன், உலகத்துல பாதிக்கு மேல. நாம 2023-ல 14 கோடி டன், ரெண்டாவது இடம். டெக்னிக்க மாத்திக் குறைச்சது எவ்வளவு, உலைய மூடி வெளிய தள்ளினது எவ்வளவுன்னு பிரிச்சுக் காட்டாம "குறைச்சுட்டாங்க"ன்னு பாராட்டுறது நியாயமாப் படல. 140 கோடி பேர் இருக்க நாட்டையும் ஏழு கோடி பேர் இருக்க நாட்டையும் தலைக்கு இவ்வளவுன்னு வகுக்காம பக்கத்துல பக்கத்துல நிறுத்துறதும் அப்படித்தான்.

வருசக் கணக்குல இன்னொரு சிக்கல் இருக்கு, இத யாரும் கவனிக்கிறதே இல்ல. மீத்தேன் எத்தன டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமா சூடாக்கும்னு 100 வருசக் கணக்குல மாத்த, முதல்ல 21-ஆல பெருக்கினாங்க, அப்புறம் 25, இப்ப 28. ஆயிரம் டன் மீத்தேன பழைய அறிக்கையில 21,000 டன்னு எழுதியிருப்பாங்க, புதுசுல அதே ஆயிரம் டன் 28,000 டன் ஆயிரும். ஒரு கிலோ கூடாமலே மூணுல ஒரு பங்கு கூடின மாதிரி தெரியும். உங்க படத்துல எல்லா வருசத்துக்கும் ஒரே பெருக்கல்தானா? ஒரு வரி போட்டிருக்கலாம்.

இதவிடப் பெரிய சங்கதி, இதுல முக்காவாசி யாரும் அளந்து பாத்த கணக்கே இல்ல. உற்பத்திய ஒரு நிலையான எண்ணால பெருக்குறாங்க, அவ்வளவுதான். ஐ.நா.வோட பருவநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யோட 2006 வழிகாட்டுதல்ல, ஒரு டன் எத்திலீன நாப்தாங்கிற பெட்ரோலிய எண்ணெய்ல இருந்து எடுத்தா 3 கிலோ மீத்தேன், ஈத்தேன் வாயுவுல இருந்து எடுத்தா 6 கிலோன்னு இருக்கு. ஒரு ஆலைக்காரர் காசு செலவழிச்சு கசிவ அடைச்சாலும் அதே 3 கிலோதான், வால்வு எல்லாம் ஒழுகினாலும் அதே 3 கிலோதான். 2019-ல அமெரிக்காவுல கார்னெல் பல்கலைக்கழகக்காரங்க கூகுள் ஸ்ட்ரீட் வியூ கார்ல சென்சார மாட்டி உர ஆலைகளுக்குப் பக்கத்து ரோட்டுல ஓட்டிப் பாத்தாங்க. அந்த ஆலைகள் அரசாங்கத்துக்குச் சொன்ன கணக்கவிட 100 மடங்கு மீத்தேன் வருதுன்னு கண்டுபிடிச்சாங்க. கணக்கு ஒழுங்கா வச்சிருக்காங்கன்னு பேர் வாங்குன நாட்டுலயே இந்த நிலம! உரம் விக்கிறவன், எனக்கு அதப் படிச்சதுல இருந்து உறக்கமே வரல.

இது சும்மா எண் சண்டை இல்ல ஐயா. மீத்தேன் காத்துல ஒரு 12 வருசம்தான் நிக்கும், ஆனா 20 வருசக் கணக்குல பாத்தா கார்பன் டை ஆக்சைட விட 80 மடங்கு சூடு பிடிக்கும், அதனால இன்னைக்கு அடைச்சா நம்ம பிள்ளைகளே பலன பாக்கலாம். எங்க அடைக்கணும்ங்கிறதுதான் கேள்வி. 2021-ல கிளாஸ்கோவுல 2030-க்குள்ள 30 சதவீதம் குறைக்கணும்னு நாடுகள் உறுதிமொழி எடுத்தப்ப இந்தியா சேரல, நம்ம மீத்தேன்ல பெரும்பங்கு சின்ன விவசாயிகளோட நெல்லும் மாடும். அரைகுறை படத்தப் பாத்துட்டு நாளைக்கு எவனாவது வயல்காரன் தலையில பழியப் போட்டா, மீத்தேன் குறைய வயல காய்ச்சலும் பாய்ச்சலுமா தண்ணி விட்டுப் பாக்கத் தயாரா இருக்க விவசாயி கூட வெறுத்துப் போயிருவான்.

அடுத்த இதழ்ல அதே படத்த இன்னொரு தடவ போடுங்க, பக்கத்துலயே எரிசக்திக் கசிவு படத்தயும், தலைக்கு எவ்வளவுங்கிற படத்தயும் போடுங்க. எது அளந்தது, எது பெருக்கினதுன்னு கீழ எழுதுங்க, கண்ணுக்குத் தெரியுற எழுத்துல. கட்டுரை பெருசாப் போனாலும் பரவால்ல, நாங்க படிப்போம்.

இப்படிக்கு,
உங்க வாசகன்,
கல்லிடைக்குறிச்சி, திருநெல்வேலி மாவட்டம்.