என் அப்பாவின் குரலை நீக்கியது தொடர்பான புகார்

அனுப்புநர்:
ஆண்டுச் சந்தா வாடிக்கையாளர்,
அணைக்கட்டு வட்டம், வேலூர் மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
வீடியோ பகிர்வுச் சேவைப் பிரிவு.

பொருள்: தெருக்கூத்து வீடியோவில் ஒலியை நீக்கியது, என் கணக்கை முடக்கியது, முடக்கிய பிறகும் சந்தா எடுத்தது.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் வீடியோ சேவைக்கு நான்கு வருடமாக ஆண்டுக்கு 2,400 ரூபாய் கட்டிவருகிறேன். இந்த விஷயமாக உங்கள் இணையதளத்தில் நான்கு முறை புகார் கொடுத்துவிட்டேன். நான்குக்கும் ஒரே பதில், ஒரு எழுத்துகூட மாறாமல் வந்தது. அதனால்தான் பில்லில் இருந்த முகவரியைப் பார்த்து, தமிழில், தபாலில் எழுதுகிறேன். யாராவது ஒருவர் இதைக் கடைசிவரை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் அப்பா தெருக்கூத்து வாத்தியார். வடாற்காடு ஒரே மாவட்டமாக இருந்த நாளிலிருந்து கூத்தாடியவர். பதினாறு வயதில் கட்டியங்காரனாக, அதாவது கூத்தை ஆரம்பித்துவைக்கிற கோமாளியாக, களத்தில் இறங்கி, அப்புறம் முப்பது வருடம் கர்ணன் வேஷம் கட்டினார். முழங்கால் தேய்ந்ததும் ஆர்மோனியத்தில் உட்கார்ந்து ஜமாவை, அதாவது கூத்துக் குழுவை, நடத்தினார். ஆரணி, போளூர், கணியம்பாடி, ஆற்காடு என்று திரௌபதி அம்மன் கோயில் இருக்கிற ஊர் ஊராகப் போவார்கள். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசி நாள் துரியோதனன் வதையான படுகளமும் தீமிதியும். பங்குனி பிறந்தால் ஆடி முடிகிறவரை அப்பா வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டதில்லை. 2021 தை மாதம் காலமாகிவிட்டார்.

2019 வைகாசியில் பக்கத்து ஊர்த் திருவிழாவில் கர்ண மோட்சம் நடந்தது. விடிய விடிய அவர் பாடிய கடைசிக் கூத்து அதுதான். களத்தின் ஓரத்தில் ஒரு தண்ணீர் கேன்மேல் போனைச் சாய்த்து வைத்து முழுவதையும் பதிவு செய்தேன். படம் ஒன்றும் பிரமாதமாக இருக்காது. டியூப் லைட்டைச் சுற்றிப் பூச்சி பறக்கும். முன்வரிசையில் குழந்தைகள் பாயில் தூங்கிக்கொண்டிருக்கும். நடுவில் யாரோ டீ டம்ளரோடு குறுக்கே போவார். ஆனால் ராத்திரி இரண்டரை மணிக்கு மேல், கர்ணன் போருக்குக் கிளம்பும் முன் மனைவி பொன்னுருவியிடம் பேசுகிற இடம் வரும். அங்கே அப்பா விருத்தம் எடுக்கிறார். மேல் ஸ்தாயிக்குப் போகும்போது குரல் உடைந்துவிடுகிறது. நிறுத்தி, இருமி, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, ஆர்மோனியத்தில் சுருதியைத் தேடிப் பிடித்து அதே அடியை முதலிலிருந்து பாடுகிறார். இரண்டாம் முறை உடையவில்லை. பக்கத்திலிருந்த முகவீணைக்காரர் வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பகுதி 17 நிமிடம். அதற்காகத்தான் அந்த வீடியோவை உங்களிடம் ஏற்றினேன்.

அந்த 17 நிமிடத்தில்தான் இப்போது சத்தம் இல்லை.

மூன்று மாதத்துக்கு முன்னால் உங்களிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. வீடியோவில் வேறொருவருக்குப் பதிப்புரிமை உள்ள இசை இருக்கிறதாம், அதனால் ஒலி நீக்கப்பட்டதாம். எந்த இசை என்று திறந்து பார்த்தேன். ஒரு பழைய கேசட்டின் பெயர் இருந்தது. அந்தக் கேசட் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதில் பாடியவரும் என் அப்பாதான்.

1992-ல் ஒரு கேசட் கம்பெனிக்காரர் வந்து ஜமாவை வேலூருக்குக் கூட்டிப்போனார். லாட்ஜ் அறையில் சுவரெல்லாம் மெத்தையைத் தொங்கவிட்டு ஒரே ராத்திரியில் பதிவு செய்தார்கள். ஒன்பது பேருக்கும் சேர்த்து 1,500 ரூபாய் கொடுத்தார்கள், கூடவே இரண்டு கேசட். அட்டையில் காலண்டர் கர்ணன் படமும் கம்பெனி பெயரும் விலையும் இருக்கின்றன. பாடியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "குழுவினர்" என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். அந்தக் கம்பெனியை மூடிப் பல வருடம் ஆயிற்று. அவர்கள் பதிவு செய்த பாட்டுகளின் பட்டியலை யாரோ வாங்கி, அவரிடமிருந்து இன்னொருவர் வாங்கி, இன்று உரிமை கோருகிற நிறுவனத்தின் பெயரை எங்கள் ஜமாவில் ஒருவரும் கேள்விப்பட்டதுகூட இல்லை.

இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறது என்று உங்கள் இயந்திரம் சொன்னது. இருக்கத்தான் செய்யும். அதே தொண்டை, அதே விருத்தம், அதே கட்டைச் சுருதி. ஆனால் 27 வருட இடைவெளியில் நடந்த இரண்டு வேறு வேறு பாட்டு அவை. கேசட்டில் குரல் உடையவில்லை, இருமல் இல்லை, பின்னால் நாய் குரைக்கவில்லை. ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டால் யாருக்கும் தெரியும்.

சட்டத்தைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது என்றுதான் முதலில் நினைத்தேன். வேலூரில் ஒரு வக்கீல் அம்மாவிடம் கேட்டு, அவர் சொன்ன பிரிவுகளை நானே உட்கார்ந்து படித்தேன். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு உரிமை 60 வருடம். அந்தக் கணக்கில் 1992 கேசட்டின் உரிமை 2052 வரை செல்லும். அதை நான் மறுக்கவில்லை. அந்தக் கேசட்டை நான் நகல் எடுத்து ஏற்றியிருந்தால் நீங்கள் செய்தது சரி. ஆனால் அந்த உரிமை அந்த நாடாவில் பதிவான சத்தத்துக்குத்தான். அதே பாட்டை இன்னொரு நாள் இன்னொரு களத்தில் பாடினால் அதன்மேல் அவர்களுக்கு என்ன பாத்தியதை? அப்பா 1992-ல் ஒரு ராத்திரிப் பாட்டைத்தான் கொடுத்தார். மீதி ஆயுளுக்கும் தொண்டையை எழுதிக்கொடுக்கவில்லை.

பாட்டின்மேல் உரிமை என்கிறார்களா? பாட்டுக்கான உரிமை எழுதியவரின் ஆயுளும், அவர் இறந்த பிறகு 60 வருடமும்தான். கர்ண மோட்சத்தைப் புகழேந்திப் புலவர் பேரில் சொல்வது வழக்கம். பிரசங்கத்தில் சொல்கிற பாட்டு வில்லிபுத்தூராருடையது. நடுவில் சேர்ந்த விருத்தங்களையும் தரு என்கிற கூத்துப் பாட்டுகளையும் வாத்தியார்கள் தலைமுறை தலைமுறையாக வாய்ப்பாடமாகச் சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறார்கள். அப்பா அவருடைய வாத்தியாரிடம் கற்றுக்கொண்டார், அந்த வாத்தியார் அவர் மாமனாரிடம். இதில் யார் பேரில் யார் உரிமை எழுதிக்கொள்வது? பாரதியார் பாட்டின் உரிமை தனியாரிடம் இருந்ததையே 1949-ல் அரசு வாங்கி, பின்னால் மக்களுக்குப் பொதுவாக்கியது. கூத்துப் பாட்டு என்றைக்குமே யாருடைய சொத்தாகவும் இருந்ததில்லை, அதற்கு இப்போது புதிதாக ஒரு சொந்தக்காரரை உங்கள் இயந்திரம் உண்டாக்குகிறது.

இன்னொன்றைப் படித்தபோதுதான் எனக்கு மனசு ஆறவில்லை. நம் நாட்டுச் சட்டத்தில் பாடுகிறவர், ஆடுகிறவர், நடிக்கிறவர் எல்லாருக்கும் நிகழ்த்துபவர் உரிமை என்று தனியாக ஒன்று உண்டு. பாம்பாட்டியையும் கழைக்கூத்தாடியையும்கூட அந்தப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். அந்தத் திருத்தம் 1994-ல் வந்து 1995 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அப்பாவைக் கேசட்டில் பதிவு செய்த 1992-ல் அப்படி ஓர் உரிமையே கிடையாது. 2019-ல் அவர் பாடிய பாட்டுக்கு உண்டு, 50 வருடத்துக்கு. தன் பெயரைப் போடச் சொல்லிக் கேட்கவும், தன் கலையைச் சிதைத்தால் தடுக்கவும் கலைஞனுக்கு உரிமை இருப்பதாக 2012 திருத்தம் சொல்கிறது. ஆக அந்த வீடியோவில் சட்டப்படி உரிமை உள்ள ஒருவர் உண்டு என்றால் அது என் அப்பா. அவர் வாயைத்தான் நீங்கள் அடைத்திருக்கிறீர்கள்.

பதிப்புரிமையே கூடாது என்று சொல்கிற ஆள் நான் இல்லை. அது இல்லாததால் என்ன ஆகும் என்று எங்கள் வீட்டில் பார்த்தோம். ஒன்பது பேருக்கு 1,500 ரூபாய், பேருக்குப் பதில் "குழுவினர்". பாடுகிறவனுக்குக் கூலியும் பெயரும் கிடைக்க வேண்டும் என்றுதான் அந்தச் சட்டம் வந்தது. இன்று அந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லி, பாடியவன் குரலையே எடுத்துவிட்டு, பெட்டியோடு பட்டியலை விலைக்கு வாங்கியவருக்கு விளம்பரக் காசு போகிறது. ஆமாம், ஒலியை நீக்குவதற்கு முன் இரண்டு மாதம் அந்த வீடியோவுக்கு வந்த விளம்பர வருமானம் அவர்கள் கணக்குக்குப் போனதாக உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. தொகை சின்னது. ஆனால் அது அம்மாவுக்குச் சேர வேண்டியது.

நான் மறுப்பு தெரிவித்தபோது என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மறுப்புப் படிவம் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிறது. உரிமம் வாங்கியிருக்கிறீர்களா, யாரிடம், எந்தத் தேதியில் என்று கேட்கிறது. பாடலாசிரியர் பெயரும் அவரைத் தொடர்புகொள்ள மின்னஞ்சலும் கேட்கிறது. காலியாக விட்டால் அடுத்த பக்கம் போகாது. வேறு வழியில்லாமல் நடந்ததையெல்லாம் கீழே இருந்த சின்னக் கட்டத்தில் எழுதி ராத்திரி 11.40-க்கு அனுப்பினேன். 11.43-க்கு "கவனமாகப் பரிசீலித்தோம், உங்கள் மறுப்பை ஏற்க இயலாது" என்று பதில் வந்தது. ஆறு மணி நேர வீடியோவை மூன்று நிமிடத்தில் யார் பரிசீலித்தார்கள்? இரண்டாம் முறை மறுத்ததற்கு எச்சரிக்கை ஒன்று விழுந்தது. மூன்றாம் முறை கணக்கையே முடக்கிவிட்டீர்கள். அதில் அப்பாவின் சிஷ்யர்கள் ஆடிய அர்ச்சுனன் தபசும் வேறு 40 வீடியோக்களும் இருந்தன. எதையும் இப்போது திறக்க முடியவில்லை. வாடிக்கையாளர் எண்ணுக்குப் போன் செய்தால் ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று சுற்றிவிட்டு, இணையதளத்தைப் பாருங்கள் என்று வைத்துவிடுகிறது. தமிழுக்கு எந்த எண்ணும் இல்லை.

கணக்கை முடக்கிய மறுவாரம் என் வங்கியிலிருந்து 2,400 ரூபாயை அடுத்த வருடச் சந்தாவாக எடுத்திருக்கிறீர்கள். கொடுக்காத சேவைக்குப் பணம் எடுத்தது எந்த விதத்தில் நியாயம்?

அப்பாவின் திதி அன்று அம்மா வழக்கம்போல அந்த வீடியோவைப் போடச் சொன்னார். முடக்குவதற்கு முன்னால் நடந்தது இது. கர்ணன் வருகிறான், சலங்கை கேட்கிறது, எல்லாம் சரியாகப் போகிறது. பொன்னுருவி கட்டம் வந்ததும் சட்டென்று அமைதி. அப்பாவின் கழுத்து நரம்பு புடைக்கிறது, ஜால்ரா மோதுகிறது, ஒன்றும் கேட்கவில்லை. "இன்னாடி இது, உங்கப்பா வாயி மட்டும் ஆடுது, சத்தத்த காணோம்?" என்று அம்மா போனைக் காதோடு வைத்துப் பார்த்தார். போன் கெட்டுவிட்டது என்று நினைத்து என் தம்பியிடம் கொடுத்துச் சரிசெய்யச் சொன்னார். பதிப்புரிமை, மூன்றாம் தரப்பு என்றெல்லாம் நான் அவருக்கு எப்படி விளக்குவது?

மூலப் பதிவு என்னிடம் இருந்த போனில்தான் இருந்தது, அந்தப் போன் 2022-ல் தண்ணீரில் விழுந்து போய்விட்டது. பத்திரமாக இருக்கும் என்று நீங்கள் சொன்னதை நம்பித்தான் உங்களிடம் பணம் கட்டி வைத்தேன். அதனால் நீங்கள் நீக்கியது என்னிடம் இருந்த ஒரே பிரதி.

நான் கேட்பது இதுதான். அந்த வீடியோவின் ஒலியைத் திருப்பிக் கொடுங்கள், கணக்கைத் திறந்துவிடுங்கள். எச்சரிக்கைகளை நீக்குங்கள். முடக்கிய பிறகு எடுத்த 2,400 ரூபாயையும், வேறு கணக்குக்குப் போன விளம்பரப் பணத்தையும் திருப்புங்கள். உரிமை கோரியவர்கள் 2019 பதிவின்மேல் தங்களுக்கு என்ன ஆதாரம் இருக்கிறது என்று காட்டட்டும். உரிமையாளர் எழுத்தில் புகார் கொடுத்தால் 21 நாள் முடக்கி வைக்கலாம், அதற்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் மறுபடி திறந்துவிடலாம் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. மூன்று மாதம் ஆயிற்று, எந்த உத்தரவும் வந்ததாக நீங்கள் சொல்லவில்லை. எனக்கு வரும் பதிலில் அதைப் படித்தவரின் பெயர் இருக்க வேண்டும்.

பதில் வராவிட்டால் மத்திய அரசின் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்கு எழுதுவேன். வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு போடுவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கிற மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம், உங்கள் தலைமை அலுவலகம் எங்கே இருந்தாலும் சரி. கேசட் அட்டையின் இரண்டு பக்க நகல், கூத்து நடந்த வருடத் திருவிழா நோட்டீஸ், உங்கள் நான்கு பதில்கள், வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் இத்துடன் வைத்திருக்கிறேன். நோட்டீஸில் அப்பாவின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும், பாருங்கள்.

வரும் சித்திரையில் அதே ஊரில் மறுபடி கர்ண மோட்சம் வைத்திருக்கிறார்கள். என் தம்பி முதல் தடவையாகக் கர்ணன் வேஷம் கட்டுகிறான். அப்பாவின் ஆர்மோனியத்தில் அவருடைய சிஷ்யர் உட்காருகிறார், பொன்னுருவி கட்டத்தில் அதே விருத்தத்தை அதே சுருதியில் எடுப்பார். அதையும் நான் முழு ராத்திரி பதிவு செய்யப்போகிறேன். அந்தப் பதிவையும் உங்கள் இயந்திரம் கேசட்டோடு ஒப்பிடும் என்பதால் இப்போதே எழுத்தில் தெரிவித்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
கூத்து வாத்தியார் மகள்,
அணைக்கட்டு.