இத்தாக்காவிலிருந்து ஒரு கடிதம்

இத்தாக்கா, நியூயார்க் மாநிலம்
அக்டோபர் நடுவில்

அன்புள்ள நண்பா,

நான் நலம். நீயும் வீட்டில் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். மண்ணியலில் ஆய்வு செய்துவரும் மகளைப் பார்க்க வந்து, கார்னெல் பல்கலைக்கழகம் அமைந்திருக்கும் இந்தச் சிறிய ஊரில் தங்கியிருக்கிறேன். ஊரின் மக்கள்தொகை சுமார் 32,000. பல்கலைக்கழகத்தில் படிப்பவர்களோ 25,000 பேருக்கும் மேல். ஆகஸ்டு கடைசியில் மாணவர்கள் வந்திறங்கிய பிறகுதான் ஊருக்கு உயிர் வரும் என்கிறாள் மகள்.

மேப்பிள் மரங்கள் இப்போது முழு நிறத்தில் நிற்கின்றன. பகல் குறையக் குறைய இலைக்காம்பின் அடியில் தடுப்புத் திசு வளர்வதையும், பச்சையம் சிதைந்ததும் அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுவதையும் நாம் பாடத்தில் படித்தோம். ஆனால் சிவப்பு அப்படி மறைந்திருந்த நிறமன்று. உதிரப்போகும் இலை தன்னிடம் மிஞ்சிய சர்க்கரையைக் கொண்டு புதிதாக உண்டாக்குவது அது. ஒரே கிளையில் வெயில் பட்ட இலைகள் சிவந்தும் நிழலில் இருந்தவை மஞ்சளாகவும் இருந்ததைக் கையில் பிடித்துப் பார்த்தபோது, தேர்வுக்காக மனப்பாடம் செய்த அந்தப் பாடம் இப்போதுதான் முழுமையாகப் புரிந்தது.

உனக்கு முக்கியமாகச் சொல்ல விரும்புவது, இங்கே ஊருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவே மதிலே இல்லை என்பதுதான். கடைத்தெருவுக்கு அருகில் தொடங்கும் கஸ்கடில்லா பள்ளத்தாக்கின் கற்படிகளில், அருவிகளை ஒட்டியே ஏறினால், வாயிற்காவலர் எவரையும் காணாமல் வளாகத்துக்குள் போய்விடலாம். பனிக்காலத்தில் அந்தப் பாதையை அடைத்துவிடுவார்கள் என்பதால், இந்தப் பருவத்தில் வந்தது நல்லதாயிற்று. தந்தித் தொழிலில் பொருளீட்டிய எஸ்ரா கார்னெல் தமது பண்ணை நிலத்தையும் ஐந்து லட்சம் டாலரையும் கொடுத்து 1865-இல் நிறுவிய பல்கலைக்கழகம் இது. வேளாண்மையும் தொழிற்கல்வியும் கற்பிக்கும் கல்லூரிகளுக்கென மாநிலங்களுக்கு நிலம் ஒதுக்கிய 1862-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனும் இதற்குக் கிடைத்தது. அதனால்தானோ என்னவோ, உழவரை விருந்தாளியாக நடத்தாமல் உரிமையுள்ளவராக நடத்தும் பழக்கம் இங்கே தொடக்கத்திலிருந்தே இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

அதற்கு நல்ல சான்று சந்தையில் விற்கும் ஆப்பிள். எம்பயர் என்ற இரகம், இதே மாநிலத்தின் ஜெனீவா என்னும் ஊரில் கார்னெலுக்கு உள்ள ஆய்வு நிலையத்தில் மெக்கின்டாஷ், ரெட் டெலிஷியஸ் என்ற இரு ஆப்பிள் இரகங்களை இனக்கலப்புச் செய்து உருவாக்கி, 1966-இல் வெளியிடப்பட்டது. கருஞ்சிவப்புத் தோலின் மேல் மெல்லிய வெண்படலம். துடைத்துவிட்டுக் கடித்தால் வெள்ளைச் சதை நறுக்கென்று உடைகிறது, இனிப்போடு சற்றே புளிப்பும் உண்டு. விற்றுக்கொண்டிருந்த பெண்மணி அதன் பெற்றோர் இரகங்களை நம் ஊரில் மாட்டின் வம்சம் சொல்வதைப் போல எனக்கு விளக்கினார். ஆய்வின் முடிவு ஆய்விதழோடு நின்றுவிடாமல் விற்பவர் வாயிலும் வாங்குபவர் கையிலும் இருக்கும் இந்த நிலையைத்தான், நாம் இருவரும் பணியில் இருந்த காலமெல்லாம் விரும்பினோம்.

வானியலாளர் கார்ல் சேகன் இங்கேதான் பேராசிரியராக இருந்தார். அவர் நினைவாக 1997-இல் சூரியக் குடும்பத்தை ஐந்நூறு கோடியில் ஒரு பங்காகச் சுருக்கி, ஊரின் தெருக்களிலேயே கல்தூண்களாக நிறுத்தியிருக்கிறார்கள். கடைத்தெருவில் சூரியன், அங்கிருந்து முப்பது மீட்டர் நடந்தால், இரண்டரை மில்லிமீட்டர் அளவில் பூமி. புளூட்டோவை எட்ட ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நடக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் அந்தத் தூரத்தைக் காலாலேயே அறிந்துகொள்கிறார்கள்.

இன்னொரு செய்தி உனக்கு மிகவும் பிடிக்கும். மடகாஸ்கரில் ஆன்றி தெ லொலானியே என்ற பாதிரியார் கண்டறிந்த, நாம் ஒற்றை நாற்று நடவு என்று சொல்லும் முறையை உலகெங்கும் எடுத்துச்சென்றவர்களில் முதன்மையானவர் இந்தப் பல்கலைக்கழகத்தின் நார்மன் அப்ஹாஃப். கயிறு பிடித்து, இளநாற்றை இடைவெளி விட்டு நீ நட்ட வயலைப் பற்றி மகளிடம் சொன்னேன். கோனோவீடர் என்னும் களையெடுக்கும் கருவி ஓட்டிய வயலில் தூர்கள் எத்தனை, குறுவையில் மூட்டை எவ்வளவு கண்டது, சம்பாவுக்கும் அதே முறைதானா என்று கேட்டிருக்கிறாள். விவரமாக எழுது; மண் பரிசோதனை அறிக்கை இருந்தால் அதன் நகலையும் சேர்த்து அனுப்பு. மாதக் கடைசி வரை இங்கேதான் இருப்பேன்.

அன்புடன்,
உன் நண்பன்