மனித உரிமைக்கு வாரம் ஒரு பாடவேளை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளிகளில் மனித உரிமைக் கல்வி வேண்டும் என்ற பேச்சு ஆண்டுதோறும் மனித உரிமை நாளான டிசம்பர் 10 நெருங்கும்போது எழுகிறது. பொங்கல் விடுமுறைக்குள் அடங்கிவிடுகிறது. இத்தனைக்கும் பாடம் நம் புத்தகத்தில் ஏற்கெனவே இருக்கிறது. ஆறாம் வகுப்புக் குடிமையியலில் பன்முகத்தன்மையும் சமத்துவமும், எட்டாம் வகுப்பில் மனித உரிமைகளும் ஐ.நா. சபையும், ஒன்பதாம் வகுப்பில் மறுபடியும் மனித உரிமைகள் என்று வருகின்றன. உலகப் பிரகடனம் 1948, மொத்தம் 30 உறுப்புகள், தேசிய மனித உரிமை ஆணையம் 1993 என்று பிள்ளைகள் ஒரு மதிப்பெண் வினாவுக்குக் கடகடவென்று ஒப்பிப்பார்கள். அதே வகுப்பறையில் கல்வி உதவித்தொகைப் பட்டியலைச் சாதிவாரியாக உரக்க வாசித்து எழுந்து நிற்கச் சொன்னால், இது தவறு என்று எடுத்துச் சொல்ல ஒரு பிள்ளைக்கும் வாய் வராது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் 2 மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் சாதிப் பகையால் வீடு புகுந்து வெட்டப்பட்டதை அடுத்து, தமிழ்நாடு அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை ஒருநபர் குழுவாக அமைத்தது. 2024 ஜூனில் அவர் அளித்த அறிக்கையின் பரிந்துரைகளில், 6 முதல் 12ஆம் வகுப்பு வரை வாரம் ஒரு பாடவேளையை அறநெறி வகுப்புக்கு ஒதுக்க வேண்டும் என்பதும் ஒன்று. அந்த ஒரு பாடவேளையை எப்படி நடத்துவது என்பதைப் பற்றியே இந்தக் கடிதம்.

முதலில், அது பழைய நீதிபோதனை வகுப்பாக மாறிவிடக் கூடாது. பசித்தவனுக்குச் சோறிடு என்பது நீதிபோதனை. சத்துணவு உனக்குரியது, பந்தியில் உன்னைத் தனியே உட்கார வைப்பது தீண்டாமையை ஒழித்த அரசமைப்பின் 17ஆவது பிரிவுக்கு எதிரானது, அப்படி நடந்தால் இன்னாரிடம் இப்படிச் சொல் என்பது மனித உரிமைக் கல்வி. யார் பொறுப்பு, எங்கே முறையிடுவது என்ற இரண்டும் சொல்லப்படாத பாடத்தால் பயனில்லை.

இது தமிழ்நாட்டுக்குப் புதிதும் அல்ல. மதுரையிலுள்ள மக்கள் கண்காணிப்பகம் என்ற மனித உரிமை அமைப்பு 1997லேயே பள்ளிகளில் இதைத் தொடங்கியது. பின்னர் 6, 7, 8ஆம் வகுப்புகளுக்கான மூன்றாண்டுப் பாடமாக அது வேறு மாநிலங்களுக்கும் பரவியது. இந்த மூன்று வகுப்புகளே தொடங்கப் பொருத்தமானவை. கேள்வி கேட்கும் வயது. பொதுத் தேர்வு நெருக்கடியும் இல்லை.

வாரம் ஒன்று என்றாலும், தேர்வும் விடுமுறையும் மழையும் போக ஆண்டுக்கு 25 வகுப்பு கிடைத்தால் பெரிது. ஆகவே ஆண்டுக்கு 8 தலைப்புகளுக்கு மேல் வைக்க வேண்டாம். 40 நிமிட வகுப்பில் ஆசிரியர் பேச்சு 10 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. 20 நிமிடம் பிள்ளைகள் ஐந்தைந்து பேராகச் செய்யும் வேலை, மீதி நேரம் கலந்துரையாடல். வீட்டுப்பாடமும் மதிப்பெண்ணும் வேண்டவே வேண்டாம். மதிப்பெண் வந்த மறுநாளே நோட்ஸ் வந்துவிடும்.

ஆறாம் வகுப்பின் முதல் மூன்று வாரங்களில் வகுப்புக்கான விதிகளைப் பிள்ளைகளே எழுதட்டும். "எது நடக்காமல் இருந்தால் இந்த வகுப்புக்குப் பயமில்லாமல் வருவாய்?" என்று கேட்டு, பெயரில்லாத துண்டுச் சீட்டில் பதில் வாங்க வேண்டும். சீட்டுகளை ஆசிரியர் மட்டுமே படிக்க வேண்டும். கைமாறினால் கையெழுத்தை வைத்தே யாரென்று கண்டுபிடித்துவிடுவார்கள். அதிலிருந்து ஐந்தாறு விதிகள் தேறும். அவற்றில் ஒன்றாவது ஆசிரியரையும் கட்டுப்படுத்துவதாக இருக்க வேண்டும்: பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பதுபோல. அந்த ஒரு விதியை ஆசிரியர் மீறாமல் இருந்தாலே பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

ஏழாம் வகுப்பில் ஒரு வாரக் கணக்கெடுப்பு. வகுப்பைப் பெருக்கியது யார், தண்ணீர் எடுத்து வந்தது யார், கடைக்கு அனுப்பப்பட்டது யார், நாற்காலி தூக்கியது யார் என்று தினமும் கோடு போட்டுக் குறித்தால், பெண் பிள்ளைகள் கையில் துடைப்பம் எத்தனை முறை வந்தது என்று வெள்ளிக்கிழமை தானாகத் தெரியும். அதை வைத்து எல்லோருக்கும் பொதுவான முறைப்பட்டியல் போடலாம். இந்தக் கணக்கில் சாதியைக் கேட்கவே கூடாது. ஆனால் கழிப்பறை வேலை எந்தப் பிள்ளைகள் தலையில் விழுகிறது என்பதைத் தலைமையாசிரியர் தனியாகப் பார்த்து அன்றைக்கே நிறுத்த வேண்டும்.

எட்டாம் வகுப்பில் மனு எழுதுதல். கழிப்பறையில் தண்ணீர் இல்லை, பள்ளி நிறுத்தத்தில் பேருந்து நிற்பதில்லை என்று உண்மையான ஒரு குறையை எடுத்து, தேதியிட்டு, நகல் வைத்துக்கொண்டு, ஒப்புகை வாங்கிக் கொடுக்கப் பழக வேண்டும். முதலில் தலைமையாசிரியர், பிறகு பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆவது பிரிவு, எழுத்துமூலப் புகாருக்கு உள்ளாட்சி அமைப்பு மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்கிறது. ஒரே ஒரு மனு பலித்துக் குழாயில் தண்ணீர் வந்துவிட்டால் போதும், அந்த வகுப்பு வாழ்நாளுக்கும் மறக்காது.

இந்த வகுப்பால் கெடுதல் நேரவும் வழி உண்டு. நாடகம் போடும்போது, ஒதுக்கப்படுபவன் வேடத்தை உண்மையிலேயே ஒதுக்கப்படும் பிள்ளைக்கே கொடுத்துவிடுவார்கள். "வீட்டில் கழிப்பறை இருப்பவர்கள் ஓரடி முன்னே வாருங்கள்" என்பதுபோன்ற பயிற்சிகள் பெருநகரப் பட்டறைக்குச் சரி. ஒரே ஊர்ப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் அது அவமானம். மாலையில் தெருவில் கேலியாகத் திரும்பி வரும். எந்தப் பயிற்சியிலும் பிள்ளை தன் சொந்தக் கதையைச் சொல்லும்படி கேட்கக் கூடாது. கற்பனைப் பாத்திரம் ஒன்றைக் கொடுத்தால் சொல்ல வேண்டியதை அதன்மேல் ஏற்றிச் சொல்லிவிடுவார்கள்.

அப்படியும் சில நேரம் ஒரு பிள்ளை வகுப்பு முடிந்ததும் வந்து நிற்கும். ஆசிரியர்கள் மிகவும் தடுமாறும் இடம் இதுதான். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. துருவித் துருவிக் கேட்கக் கூடாது. பிள்ளை சொன்னதை அதே சொற்களில், தேதியும் நேரமும் போட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பாலியல் குற்றமாக இருந்தால் பள்ளிக்குள் விசாரித்து முடித்துக்கொள்ள யாருக்கும் அதிகாரம் இல்லை. போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காதவருக்கு ஆறு மாதம் வரை, தன்கீழ் வேலை செய்பவரின் குற்றத்தைத் தெரிவிக்காத நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று சமாதானம் பேசுவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் இரண்டாவது கொடுமை. குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417 ஆகிய இரண்டும் எல்லா வகுப்பறைச் சுவரிலும் இருக்க வேண்டும். எண்ணைத் தெரியப்படுத்தினால் மட்டும் போதாது. அழைத்தால் என்ன கேட்பார்கள் என்பதையும் ஒத்திகையாகச் செய்து காட்ட வேண்டும்.

வகுப்பில் கேட்டதை வீட்டில் போய்ச் சொல்லி அடி வாங்கும் பிள்ளைகளும் உண்டு. அக்காவுக்கு 16 வயதில் கல்யாணம் பேசுகிறார்கள் என்றால், அதைத் தடுப்பது 12 வயதுத் தங்கையின் வேலை அல்ல. ஆசிரியரிடம் சொல்வதோடு அவள் பொறுப்பு முடிந்தது. மாவட்டச் சமூக நல அலுவலருக்குத் தகவல் கொடுக்க வேண்டியவர் ஆசிரியர், அதுவும் சொன்னது யாரென்று வெளியே தெரியாமல். முதல் மாதப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலேயே பாடத்தின் தலைப்புகளைப் பெற்றோருக்கு வாசித்துக் காட்டிவிட்டால் பாதிச் சச்சரவு குறையும்.

உரிமை உரிமை என்று சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் நம்மை மதிப்பார்களா என்று ஆசிரியர்கள் கேட்கிறார்கள். அந்தக் கவலையைத் தள்ளிவிட முடியாது. 50 பிள்ளைகளைப் பிரம்பில்லாமல் சமாளிக்கும் வழியை அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. உடல் தண்டனையையும் மன வதையையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு 2010 முதல் தடை செய்திருக்கிறது. தடையைச் சுற்றறிக்கையாக அனுப்பிய வேகத்தில் மாற்று வழிக்கான பயிற்சி வந்து சேரவில்லை. ஆகவே இந்தக் கல்விக்கான பயிற்சி அங்கேதான் தொடங்க வேண்டும். மூன்று நாள் நேரடிப் பயிற்சி, பிறகு பருவத்துக்கு ஒரு நாள், அக்கம்பக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கான குறுவள மையத்தில் கூடிப் பேசுதல். காணொலி பார்த்துச் சான்றிதழ் எடுக்கும் பயிற்சியால் இது நடக்காது. பள்ளிக்கு இரண்டு பேருக்குப் பயிற்சி தேவை, ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். ஒருவர் மட்டுமென்றால், அவருக்கு இடமாறுதல் வந்த அன்றே பாடமும் போய்விடும்.

கால அட்டவணையில் இதைக் கடைசிப் பாடவேளையில் வைத்தால் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கிக்கொள்வார். ஓவிய வகுப்புக்கும் விளையாட்டு வகுப்புக்கும் நேர்ந்த கதிதான் இதற்கும். மதிய உணவுக்கு முந்தைய பாடவேளையில் வைத்து, வட்டாரக் கல்வி அலுவலர் பள்ளிப் பார்வைக்கு வரும்போது இந்த வகுப்பில் ஒருமுறையாவது உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

மனித உரிமை அறிவைப் பரப்புவது, 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி தேசிய, மாநில ஆணையங்களின் கடமை. மாநில ஆணையமும் பள்ளிக் கல்வித் துறையும் சேர்ந்து உட்கார்ந்தால் பயிற்சிக் கையேட்டை ஆறு மாதத்தில் முடிக்கலாம். ஜூனில் வகுப்பு தொடங்க வேண்டுமென்றால் பயிற்சி ஏப்ரல் கடைசியில் நடக்க வேண்டும். அதற்கான ஆணை பிப்ரவரியிலேயே வெளிவர வேண்டும்.

இப்படிக்கு,
மனித உரிமைக் கல்விப் பயிற்சியில் ஈடுபட்டுள்ள ஆசிரியர்கள் சிலர்,
மதுரை.