குனிந்தாலும் நழுவாத தொப்பி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்குக் கால்வலி குறைந்து மறுபடியும் காலையில் நடக்கப் போகிறார். உன் செய்தியையும் அதோடு வந்த படங்களையும் ராத்திரி பார்த்தேன். போனில் பேசினால் பாதியிலேயே வேறு பேச்சுக்குப் போய்விடுவோம் என்றுதான் எழுதுகிறேன்.

ஜப்பானிய அரச குடும்பத்துப் பெண்கள் வெளிநாட்டுப் பயணத்தில் அணியும் தொப்பிகளை ஆண்டு இறுதி வேலைக்கு நீ எடுத்திருப்பது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஆனால் கூடப் படிக்கிறவர்கள், “வெள்ளைக்காரர் வழக்கத்தைப் பார்த்துச் செய்தது, பாட்டிகள் போடுகிற தொப்பி” என்று சொன்னார்களாம். உடனே நீயும் தலைப்பை மாற்றிவிடலாமா என்று கேட்கிறாய். மாற்றாதே கண்ணு. ஆயுசெல்லாம் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தவள் சொல்கிறேன், இந்தத் தொப்பிகளில் இருக்கிற யோசனை சாதாரணமானது இல்லை.

பார்த்துச் செய்ததுதானே என்பவர்களுக்கு வரலாற்றிலிருந்தே பதில் சொல்லலாம். மெய்ஜி சக்கரவர்த்தியின் மனைவி ஷோக்கென் 1886-ல் முதன்முதலாக மேற்கத்திய உடையில் பொது இடத்துக்கு வந்தார். மறுவருஷம் ஜனவரியில் பெண்கள் உடை பற்றி ஓர் அறிக்கையே வெளியிட்டார். பழைய காலத்தில் ஜப்பானியப் பெண்கள் மேலுக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று என்று இரண்டாகத்தான் உடுத்தினார்கள், மேற்கத்திய உடை அதற்குப் பக்கத்தில் வருகிறது, ஆகவே அது நமக்கு அந்நியமில்லை என்பது அவர் வாதம். தைக்கிற துணி உள்நாட்டுத் துணியாக இருக்கட்டும் என்றும் சேர்த்துச் சொன்னார். வல்லரசுகள் ஜப்பான்மேல் சுமத்தியிருந்த சமமில்லாத ஒப்பந்தங்களைத் திருத்தியாக வேண்டும் என்று அந்த நாடு போராடிக்கொண்டிருந்த காலம் அது. பேச்சுவார்த்தை மேசையில் உட்காருகிறவர்கள் எங்களைக் குறைவாக நினைக்கக் கூடாது என்ற எண்ணம் அரண்மனை உடை வரைக்கும் போனது. வேறு வழியில்லாமல் போட்டுக்கொண்ட உடை என்று இதை எப்படிச் சொல்ல முடியும்? தெரிந்து, யோசித்து எடுத்துக்கொண்டது.

அந்தக் காலத்தில் வகுத்த முறைதான் இன்றைக்கும் நடக்கிறது. இரவு விருந்துக்குக் கழுத்து திறந்த நீள கவுன், தலையில் கிரீடம். பகல் சடங்குக்குக் கழுத்து மூடிய முழுக்கை நீள உடை, அதோடு தொப்பி, கையில் விசிறி. வெளிநாட்டுப் பயணத்தில் பகல் நேர வரவேற்புக்கு அவ்வளவு நீள உடை தேவைப்படாது. கோட்டும் பாவாடையுமோ முழங்கால் தாண்டிய உடையோ போதும், ஆனால் தொப்பி மட்டும் கூடவே வரும். ஆண்கள் உள்ளே நுழைந்ததும் தொப்பியைக் கழற்ற வேண்டும். பெண்கள் கழற்ற வேண்டியதில்லை, அவர்களுக்கு அது உடையின் ஒரு பகுதி. பகல் விருந்தில் உட்கார்ந்து சாப்பிடும்போதும் தலையில் இருப்பது அதனால்தான். உன் அறிக்கையில் இந்த ஒரு விஷயத்தை முதல் பக்கத்திலேயே எழுதிவிடு, தெரியாதவர்கள் பாதிப்பேர் குழம்புவது இங்கேதான்.

அப்புறம் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. ஐரோப்பிய அரச குடும்பத்துப் பெண்கள் தலையை நிமிர்த்திக் கைகுலுக்கினால் போதும். ஜப்பானிய அரச குடும்பத்துப் பெண் கைகுலுக்கவும் வேண்டும், இடுப்பிலிருந்து குனிந்து வணங்கவும் வேண்டும். குனிகிறபோது தொப்பி முன்னால் சரியக் கூடாது. சரிந்தாலும் பிடிக்கக் கை இல்லை: ஒரு கையில் கைப்பை, இன்னொரு கையில் யாரோ ஒரு குழந்தை கொடுத்த பூச்செண்டு. விமானப் படியில் காற்று வீசும். காரில் ஏறும்போது கதவின் மேல் விளிம்பு இடிக்கும். எதிரே வரும் ராணி கன்னத்தோடு கன்னம் வைப்பார், அவர் தலையிலும் அகலமான தொப்பி இருக்கும். இத்தனைக்கும் நடுவில், வழியோரம் மணிக்கணக்காகக் காத்திருந்த ஜனங்களுக்கு முகம் முழுசாகத் தெரிய வேண்டும். விளிம்பு முன்னால் நீண்டால் நெற்றியிலும் கண்ணிலும் நிழல் விழுந்துவிடும்.

இத்தனைக்கும் முன்னாள் பேரரசி மிச்சிகோ அவர்கள் தலையில் இருந்த அந்தச் சின்னத் தொப்பி பதில் சொல்கிறது. உள்ளங்கை அளவு, தட்டையான வட்டம், உச்சியில் கொஞ்சம் ஒரு பக்கமாகச் சாய்ந்து இருக்கும். விளிம்பே இல்லை என்று சொல்லலாம். கொண்டையைக் கீழே, பின்கழுத்துப் பக்கம் போட்டிருப்பார். நீ அனுப்பிய படங்களில் அவர் குனிந்து நிற்கும் ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதுகும் கழுத்தும் ஒரே கோடாக இறங்குகின்றன, தொப்பி இருந்த இடத்திலேயே இருக்கிறது, நெற்றியில் ஒரு முடிகூடக் கலையவில்லை. இதைத்தான் பாட்டி தொப்பி என்கிறார்களா? தைக்கத் தெரிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

அந்தத் தொப்பிகளைச் செய்தவர்களில் ஒருவர் அக்கியோ ஹிராட்டா. 1960-களில் பாரிஸுக்குப் போய் ழான் பார்த்தே என்ற பெரிய தொப்பிக் கலைஞரிடம் வேலை கற்றுக்கொண்டு ஊர் திரும்பியவர். இஸ்ஸே மியாக்கே, யோஜி யமமோட்டோ, ரெய் கவாகுபோ ஆகிய பெரிய ஆடை வடிவமைப்பாளர்களின் ஆடை அணிவகுப்புகளுக்கும் அவர்தான் தொப்பி செய்தார். 2014-ல் காலமானார். இதை உன் வகுப்பில் சொல். மேடையில் எல்லோரும் வாய்பிளந்து பார்த்த புதுமைத் தொப்பிகளும், பேரரசியின் அடக்கமான சின்னத் தொப்பியும் ஒரே கையிலிருந்து வந்தவை. புதுமை செய்யத் தெரியாததால் அடங்கிப்போன கை இல்லை அது.

துணி விஷயத்தையும் கவனி. உடை தைத்த துணியிலேயே தொப்பியையும் மூடுவது அவர்கள் வழக்கம். நம்ம ஊரில் சேலையோடு சேர்ந்து வரும் பிளவுஸ் பிட் மாதிரி. மேட்சிங் சென்டரில் தேடி எடுத்த துணி எவ்வளவு நெருங்கி வந்தாலும் வெயிலில் நின்றால் நிறம் வேறு என்று காட்டிக்கொடுத்துவிடும். அதே துணி என்றால் எந்த வெளிச்சத்திலும் பயமில்லை. தலையிலிருந்து கால் வரை ஒரே நிறமாகத் தெரிவதால், தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கும் அவர் எங்கே நிற்கிறார் என்று சட்டென்று தெரிகிறது.

மிச்சிகோ அவர்களைப் பற்றி ஒன்று சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. மாவு ஆலை நிறுவனம் நடத்தியவரின் மகள். 1959-ல் பட்டத்து இளவரசர் அக்கிஹிட்டோவை மணந்தார். அரச குலத்திலும் பிரபுக் குடும்பத்திலும் பிறக்காமல் பட்டத்து இளவரசியானவர் அவர்தான் முதல். மறுவருஷம் பிப்ரவரியில் மகன் நருஹிட்டோ பிறந்தார். செப்டம்பரில் அமெரிக்கப் பயணம். ஏழு மாதக் குழந்தையை விட்டுவிட்டுப் போக வேண்டும். பார்த்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு நோட்டில் குறிப்புகள் எழுதி வைத்துவிட்டுப் போனார். நாளுக்கு ஒரு தடவையாவது குழந்தையை இறுக்கி அணைத்துக்கொள்ளுங்கள் என்பதும் அதில் ஒன்று. அந்த வருஷக் கடைசியில் ஈரான், எத்தியோப்பியா, இந்தியா, நேபாளம் என்று இன்னொரு பயணம். டெல்லியில் இந்தியா இன்டர்நேஷனல் சென்டருக்கு அக்கிஹிட்டோ அடிக்கல் நாட்டியது அப்போதுதான். அந்தக் காலத்துப் படங்களில் மிச்சிகோ முகத்தைப் பார். இருபத்தாறு வயது. சிரித்துக்கொண்டிருக்கும் அந்த அம்மாவின் மனசு எங்கே இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், நீ விமானம் ஏறிய பிறகு இன்னும் நன்றாகத் தெரியும்.

2013 டிசம்பரில் பேரரசியாக மறுபடி இந்தியா வந்தபோது சென்னைக்கும் வந்தார்கள், கலாக்ஷேத்ராவுக்குப் போனார்கள். ஜப்பானிய அரச குடும்பத்தைப் பற்றி இங்கே பேப்பரில் வந்ததையெல்லாம் நான் ஆசையாகப் படித்தது அந்த நாட்களில்தான்.

எல்லாப் பயணத்திலும் கொடியசைத்து வரவேற்றார்கள் என்று இல்லை, அதையும் நீ எழுத வேண்டும். 1971-ல் அக்கிஹிட்டோவின் அப்பா ஹிரோஹிட்டோ சக்கரவர்த்தியும் பேரரசி நகாகோவும் ஐரோப்பாவில் ஏழு நாடுகளுக்குப் போனார்கள். அதற்கு முன் பதவியிலிருந்த எந்தச் சக்கரவர்த்தியும் ஜப்பானை விட்டு வெளியே போனதில்லை. நெதர்லாந்தில் அவர்கள் கார்மீது ஃபிளாஸ்க்கை வீசினார்கள். லண்டன் கியூ தோட்டத்தில் சக்கரவர்த்தி நட்ட மரத்தை யாரோ வெட்டிப்போட்டார்கள். ஜப்பானிய முகாம்களில் கைதிகளாக இருந்தவர்களின் கோபம் அது, நியாயமான கோபம். 1998 மே மாதம் அக்கிஹிட்டோவும் மிச்சிகோவும் லண்டனில் குதிரை வண்டியில் ஊர்வலமாகப் போனபோதும் அந்த முன்னாள் கைதிகள் சாலையோரம் நின்று முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். அப்படிப்பட்ட தெருவில் முகத்தை மறைத்துக்கொண்டு போனால் அது ஒளிந்துகொண்டு போனதாகிவிடும். கோபத்தோடு நிற்கிறவருக்கும் முகம் தெரியத்தான் வேண்டும். சின்னத் தொப்பியை நான் இவ்வளவு மதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மிச்சிகோவின் மருமகள், இப்போதைய பேரரசி மசாகோ அவர்களின் தொப்பி வேறு விதம். விளிம்பு உண்டு, ஆனால் மேல் நோக்கி வளைந்திருக்கும். உயரமும் நேரான தோளும் இருப்பதால் அவருக்கு அது எடுக்கிறது. 2024 ஜூனில் லண்டன் அரசுமுறைப் பயணத்தில் முழு வெள்ளை உடை, வெள்ளைத் தொப்பி. 2020-லேயே நடந்திருக்க வேண்டிய பயணம், கொரோனாவால் தள்ளிப்போனது. ராணி கமிலாவோடு குதிரை வண்டியில் போனபோது மசாகோ முகக்கவசம் போட்டிருந்தார், குதிரை ஒவ்வாமை அவருக்கு. நீ கவனித்தாயா, முகம் பாதி மூடியிருந்தும் தொப்பி விளிம்பு மேலே ஏறியிருந்ததால் கண் இரண்டும் தெளிவாகத் தெரிந்தன. பல வருஷம் உடல்நிலை காரணமாக வெளிநாட்டுப் பயணம் போகாமலே இருந்தவர். அதே பயணத்தில், தான் படித்த ஆக்ஸ்ஃபோர்டில் கௌரவ டாக்டர் பட்டம் வாங்கிச் சிவப்பு அங்கியில் நின்ற படத்தைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கிமோனோ அணிந்தால் தொப்பி கிடையாது. 2023-ல் சார்லஸ் மன்னரின் முடிசூட்டு விழாவுக்கு மிச்சிகோவின் இளைய மருமகள் கிக்கோ கிமோனோவில் போனார். அழகுதான். ஆனால் கிமோனோதான் உண்மையான ஜப்பான், தொப்பி போலி என்று யாராவது வாதாடினால் ஒத்துக்கொள்ளாதே. நூற்று முப்பது வருஷத்துக்கு மேல் போட்டுக்கொண்டு, தன் வணக்கத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்ட பிறகு அது அவர்களுடையதுதான். இளையவர்களும் விடவில்லை. கிக்கோவின் மகள் இளவரசி காக்கோ 2024-ல் கிரீஸுக்குப் போனபோது, யாரும் வாங்கக்கூடிய விலையில் ஒரு நீலப் பின்னலாடை அணிந்தார், ஜப்பானில் அது உடனே விற்றுத் தீர்ந்தது. ஆனாலும் சடங்கான நிகழ்ச்சிகளில் இளவரசிகள் தலையில் தொப்பிதான்.

சரி, இனி உன் வேலைக்கு வருகிறேன். தலைச் சுற்றளவை எடுத்துக்கொண்டு ஆரம்பிக்காதே. சின்னத் தொப்பி தலையைச் சுற்றி இறங்குவதில்லை, ஓர் இடத்தில் உட்காருகிறது. அதனால் அந்த இடத்தின் வளைவுதான் அளவு. உச்சியில் தலை தட்டையாக இருக்கும், காதுப் பக்கம் போகப் போகச் சரியும். பக்ரமை, அதாவது தொப்பிக்கு உள்ளே வைக்கிற விறைப்பான துணியை, ஈரப்படுத்தி அந்த வளைவிலேயே ஊசி குத்திக் காயவிடு. பிறகு லேசான பஞ்சுத்துணி ஓர் அடுக்கு, அதன்மேல் உடைத்துணி. விளிம்பு மடிப்புக்கு இழைக்குச் சாய்வாகக் கிராஸ் பீஸ்தான் வெட்ட வேண்டும், நேர் இழையில் வெட்டினால் சுருக்கம் விழும். உள்ளே சீப்பைத் தைக்கும்போது பல் முடியின் போக்குக்கு எதிராகப் போகட்டும், அப்போதுதான் பிடிக்கும். எலாஸ்டிக் முடி நிறத்தில் இருக்கட்டும், கொண்டைக்கு அடியில் ஒளிந்துவிடும்.

தைத்து முடித்ததும் பொம்மைத் தலையில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்திப்படாதே. யாராவது தோழியின் தலையில் வைத்து, கையில் பையும் பூவும் கொடுத்து, குனிந்து நிமிரச் சொல். டேபிள் ஃபேனை எதிரே வை. டாக்ஸியில் ஏறி இறங்கச் சொல். தொட்டுச் சரிசெய்யாமல் அத்தனையும் முடிந்தால் உன் தொப்பி தேறிவிட்டது. இந்தச் சோதனையை அப்படியே படம் பிடித்து அறிக்கையில் சேர், உன் வகுப்பில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

எனக்குப் படம் அனுப்பும்போது பக்கவாட்டிலும் பின்னாலும் எடுத்து அனுப்பு, உள்பக்கத் தையலும் தெரிய வேண்டும். தலைப்பு அதேதான் என்று நாளைக்கே உன் ஆசிரியரிடம் சொல்லிவிட்டுப் போன் பண்ணு. குளிர் ஆரம்பித்துவிட்டது என்றாயே, வெறும் காலோடு தரையில் உட்கார்ந்து வெட்டாதே.

இப்படிக்கு,
அம்மா